உருவம் வரைய இணையத்தில் எதைப் பின்பற்றலாம்? என் ஆட்கள் மரப்பாச்சி போல நிற்கிறார்கள்

மைவிழி_போடி
ஜூன் 3, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். வேலை முடிந்து வந்து, இரவில் ஒன்றரை மணி நேரம் வரைய உட்காருவேன். என் பாட்டி இளவயதில் மலையேறித் தோட்ட வேலைக்குப் போன கதைகளை முப்பது பக்கச் சித்திரக்கதையாகப் போட வேண்டும் என்று நீண்ட நாள் ஆசை. கதையை எழுதி முடித்துவிட்டேன். படத்தில்தான் நிற்கிறது.

பள்ளியில் அனிமே முகங்களைப் பார்த்துத்தான் வரையப் பழகினேன். அதனால் முகம் ஓரளவு வரும், அதுவும் இடது பக்கம் திரும்பிய முக்கால் முகம் மட்டும். கழுத்துக்குக் கீழே போனால் மரப்பாச்சிதான். ஆளை நிற்க வைக்க முடிகிறது. குனிய வைக்கவும் சுமை தூக்க வைக்கவும் தெரியவில்லை. கைகளை முந்தானைக்குள் ஒளித்துவிடுகிறேன்.

யூடியூபில் அறுபது வீடியோ சேமித்து வைத்திருக்கிறேன். ஒருவர் அனாட்டமியில் (உடற்கூறு) தொடங்கச் சொல்கிறார், இன்னொருவர் பெட்டி வரையச் சொல்கிறார், மற்றொருவர் விதியெல்லாம் வேண்டாம் வரைந்துகொண்டே இரு என்கிறார். எதில் தொடங்குவது?

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. எங்கள் வீட்டில் ஒரே கூடம். போஸ் பார்க்கிற தளங்களைத் திறந்தால் ஆடை இல்லாத மாடல்கள் வருகிறார்கள், எல்லோர் முன்னாலும் அதைத் திறந்து வைத்து வரைய முடியாது. அப்புறம், ஆங்கிலம் எழுத்தில் இருந்தால் புரியும், வேகமாகப் பேசினால் தவறிவிடுகிறது. கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன், பென்சில், ஒரு கட்டு ஏ4 தாள்.

நள்ளிரவுப்பென்சில்
ஜூன் 3, இரவு 10:47

ட்ராஅபாக்ஸ் தளத்தில் தொடங்குங்கள். முழுக்க இலவசம், பாடங்கள் எழுத்திலும் இருப்பதால் உங்களுக்கு மொழிச் சிக்கல் குறையும். 0.5 மில்லிமீட்டர் ஃபைன்லைனர் என்ற மெல்லிய முனைப் பேனாவில் வரையச் சொல்வார்கள். அழிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு கோட்டையும் யோசித்துப் போடுவோம். மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை அசைத்துக் கோடு இழுப்பது, தாளில் படாமல் இரண்டு மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டு ஒரே வீச்சில் இழுப்பது, இதெல்லாம் அங்கேதான் நான் கற்றேன்.

அதில் 250 பெட்டிகள் வரைகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. எனக்கு இரண்டரை மாதம் ஆனது. முடிக்கும்போது ஒரு பொருளை எந்தக் கோணத்தில் நினைத்தாலும் வரையலாம் என்ற தைரியம் வந்தது. மார்பும் இடுப்பும் தலையும் கடைசியில் பெட்டிகள்தானே? அடித்தளம் போடாமல் உருவத்துக்குப் போனால் திரும்ப இங்கேதான் வர வேண்டியிருக்கும்.

சட்டகம்_24
ஜூன் 4, காலை 7:30

நள்ளிரவு சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ட்ராஅபாக்ஸ் நல்ல தளம், ஆனால் அது உருவம் வரையச் சொல்லித் தரும் தளம் இல்லை. செடி, பூச்சி, விலங்கு, வண்டி என்று போகும், மனித உடல் அதில் பாடமாக இல்லை. மைவிழியின் குறை பெர்ஸ்பெக்டிவ் (தூரமும் கோணமும் காட்டும் முறை) இல்லை, விறைப்பு. ஏற்கெனவே விறைத்து நிற்கிற கையிடம் முதலில் 250 பெட்டி கொடுத்தால் விறைப்பு இன்னும் கூடும். சென்னையில் அனிமேஷன் வேலையில் பதினொரு வருடம் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் அதிகம் பார்ப்பது இதைத்தான்: தசையின் பெயரெல்லாம் தெரியும், பெட்டி சரியாக விழும், ஆனால் அவர்கள் வரைந்த ஆள் மூச்சு விடமாட்டான்.

மைவிழி, ஜெஸ்ச்சரில், அதாவது உடலின் அசைவை மட்டும் சில கோடுகளில் வேகமாகப் பிடிக்கும் பயிற்சியில் தொடங்குங்கள். லைன் ஆஃப் ஆக்‌ஷன் என்று ஒரு தளம். போனிலேயே திறக்கும். போஸ் படங்களை நேரம் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டும். தொடங்கும் முன் ஆடையோடு இருக்கும் மாடல்கள் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுக்க இடம் உண்டு, அதனால் கூடத்தில் உட்கார்ந்தே வரையலாம். வகுப்பு முறை என்று ஒன்று இருக்கிறது. அரை நிமிடப் போஸ்களில் ஆரம்பித்துப் போகப்போக நேரத்தைக் கூட்டும். கை கால்களுக்கும் முகத்துக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. ஸ்கெட்ச்டெய்லி ரெஃபரன்ஸ் தளமும் இதே மாதிரிதான். அடோர்காஸ்டாக் என்று தேடினால் உடலோடு ஒட்டிய உடையில், பல வகை உடல்வாகு உள்ளவர்கள் கொடுத்த போஸ்கள் கிடைக்கும். ஒல்லியான ஜிம் உடம்பை மட்டும் பார்த்துப் பழகாமல் இருக்க அது மிகவும் உதவும்.

மைவிழி_போடி
ஜூன் 4, இரவு 8:55

நன்றி அண்ணா. நேற்று இருபது அரை நிமிடப் போஸ் முயன்றேன். எல்லாவற்றிலும் தலையும் ஒரு தோளும் வரைவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அரை நிமிடத்தில் ஒரு முழு ஆளை எப்படி வரைவது?

சட்டகம்_24
ஜூன் 4, இரவு 11:20

ஆளை வரைய வேண்டாம், ஆள் என்ன செய்கிறார் என்பதை மட்டும் வரையுங்கள். இது கேட்கச் சுலபம், கைக்கு வர நாளாகும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

படம் வந்ததும் பென்சிலை வைக்காதீர்கள். மூன்று விநாடி பாருங்கள். முடிந்தால் உட்கார்ந்த இடத்திலேயே அந்தப் போஸை உங்கள் உடம்பில் செய்து பாருங்கள். எந்தக் காலில் பாரம் விழுகிறது, முதுகு எந்தப் பக்கம் வளைகிறது என்பது கண்ணைவிட உடம்புக்குச் சீக்கிரம் தெரியும். அப்புறம் உச்சந்தலையிலிருந்து பாரம் தாங்கும் பாதம் வரை ஒரே கோடு. சீ எழுத்து போல ஒரு வளைவு, அல்லது எஸ் எழுத்து போல இரட்டை வளைவு, அல்லது நேர்கோடு, மூன்றில் ஒன்றுதான் வரும். பத்து விநாடி முடிந்திருக்கும். அடுத்து தோள் சரிவுக்கு ஒரு கோடு, இடுப்புச் சரிவுக்கு ஒரு கோடு. பிறகு கை கால்களுக்கு ஒவ்வொரு வீச்சு. தலைக்கு ஒரு முட்டை. கண், விரல், முடி எதுவும் வேண்டாம்.

ஒரு வளைவுக்கு எதிரே அதே மாதிரி வளைவைப் போடாதீர்கள். மரப்பாச்சித்தனம் வருவதற்கு முக்கியக் காரணம் இதுதான். தொடையின் முன்பக்கம் மேலே புடைத்தால் பின்பக்கம் சற்றுக் கீழே புடைக்கும். கெண்டைக்காலிலும் அப்படித்தான், வெளிப்புறத் தசை மேலேயும் உட்புறத் தசை கீழேயும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வளைத்தால் கடைசல் பிடித்த மேசைக்கால் போல ஆகிவிடும்.

இதை இரண்டு வாரம் செய்துவிட்டு ப்ரோகோ யூடியூப் சேனலுக்குப் போங்கள். ஸ்டான் ப்ரோகோபென்கோ நடத்துவது. அதில் உருவம் வரைதலுக்கு ஒரு வரிசை இருக்கிறது, அதை மட்டும் ஒழுங்காகப் பாருங்கள். ஜெஸ்ச்சர், அப்புறம் பீன் (உடலை ஒரு அவரை விதை போல வரைவது), பிறகு ரோபோ பீன். மார்புக்கூட்டை ஒரு முட்டை என்றும் இடுப்பை இன்னொரு முட்டை என்றும் வைத்து, இரண்டையும் ஒரு காலுறைக்குள் போட்டது போல் நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் குனிந்தால் எங்கே மடிப்பு விழும், பக்கவாட்டில் சாய்ந்தால் எந்தப் பக்கம் நீளும், திரும்பினால் எப்படி முறுக்கும் என்பதை மட்டும் பழகுகிற பயிற்சி அது. ரோபோ பீனில் அந்த முட்டைகள் பெட்டிகளாகும். நள்ளிரவு சொன்ன பெட்டி அந்த இடத்தில்தான் உங்களுக்கு வேண்டும்.

யூடியூபில் இருக்கும் இலவசப் பகுதியே போதும். காசு கட்டினால் நீளமான பாடங்கள் தருகிறார்கள், இப்போதைக்குத் தேவையில்லை. மற்ற ஐம்பத்தொன்பது வீடியோக்களைச் சேமிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இருக்கும் வரை கண் அங்கேயே போகும்.

கரித்துண்டு
ஜூன் 5, மாலை 5:40

நல்ல இழை. நான் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவன், இருபத்தாறு வருடமாகப் பள்ளியில் ஓவிய ஆசிரியர். தம்பி சட்டகம் சொன்ன தோள்கோடு, இடுப்புக்கோடு பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன், அம்மா மைவிழி.

ஒரு காலில் பாரத்தைப் போட்டு நின்றால் அந்தக் காலின் பக்கம் இடுப்பு ஏறும். அதைச் சமன்செய்ய அதே பக்கம் தோள் இறங்கும். தலை மறுபடி எதிர்த் திசையில் சாயும். இணையப் பாடங்களில் இதற்கு கான்ட்ரபோஸ்டோ என்ற இத்தாலியப் பெயரைச் சொல்வார்கள், கிரேக்கச் சிலையைக் காட்டுவார்கள். நம் ஊரில் இதற்குத் திரிபங்கம் என்று பெயர். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் பார்வதி நிற்பது அப்படித்தான்.

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நிற்கும் பார்வதி ஒன்று இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் 2017 முதல் பொதுவுரிமையில் உள்ள கலைப்பொருள்களின் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பெரிய அளவில் பதிவிறக்கிப் பாருங்கள். கழுத்துக்குழியிலிருந்து ஒரு நூல்குண்டைத் தொங்கவிட்டதாக நினைத்துக் கோடு போடுங்கள், பாரம் தாங்கும் பாதத்தின் பக்கம் வந்து சேரும். அந்த நூல் பாதத்தை விட்டு வெளியே போனால் ஆள் விழப்போகிறார், அல்லது எதையாவது பிடித்திருக்கிறார், அல்லது நடக்கிறார் என்று பொருள். சுமை தூக்குகிறவரை வரையும்போது சுமையையும் உடலையும் ஒன்றாகச் சேர்த்துத்தான் இந்த நூலைப் பார்க்க வேண்டும். தலையில் மூட்டை இருந்தால் கழுத்தும் முதுகும் அதற்குக் கீழே தூண் மாதிரி நேராகிவிடும், அசைவெல்லாம் இடுப்புக்கு இறங்கிவிடும். பாட்டியின் கதைக்கு இது வேண்டுமல்லவா?

அளவு பற்றியும் ஒன்று. ஆண்ட்ரூ லூமிஸ் என்ற அமெரிக்க ஓவியர் எட்டுத் தலை உயரத்தை, அதாவது தலை நீளத்தின் எட்டு மடங்கை, இலட்சிய உருவத்துக்கு அளவாக வைத்தார், இணையத்தில் பாதிப் பேர் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். நிஜ மனிதர்கள் ஏழரைத் தலை அளவில், சிலர் அதற்கும் குறைவாகவே இருப்பார்கள். நம் சிற்ப நூல்களில் தாளக் கணக்கு இருக்கிறது. ஒரு தாளம் பன்னிரண்டு அங்குலம். நவதாளம் 108 அங்குலம், உத்தம தசதாளம் 124 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருக்கும் அங்குலம் இல்லை, சிலைக்குச் சிலை மாறும் பங்கு அளவு. தாளம் என்பது முகத்தின் நீளம், உச்சந்தலை வரை உள்ள முழுத் தலை இல்லை. அதனால் ஒன்பது தாளத்தை ஒன்பது தலை என்று எடுத்துக்கொண்டால் உருவம் நீண்டுவிடும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஸ்தபதிகள் எல்லோருக்கும் ஒரே அளவு வைக்கவில்லை. சிவனுக்கும் திருமாலுக்கும் உத்தம தசதாளம், தேவியருக்கு மத்திம தசதாளம், பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். ஆள் யார் என்பது அளவிலேயே தெரிய வேண்டும் என்று எண்ணியிருக்கிறார்கள். கதாபாத்திரம் வடிவமைக்கிறவர்கள் இன்று செய்வதும் அதுதான். உங்கள் கதையில் இருபது வயதுப் பாட்டிக்கு ஏழு தலை, தோட்டத்து மேஸ்திரிக்கு ஏழரை, கூட வரும் சிறுவனுக்கு ஐந்து என்று முதலிலேயே முடிவு செய்து சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சட்டகம்_24
ஜூன் 5, இரவு 10:05

ஐயா, தாளத்தையும் கதாபாத்திர அளவையும் சேர்த்துச் சொன்னது எனக்குப் புதிது. நாளை எங்கள் குழுவில் காட்டப்போகிறேன்.

யாழ்_கோடு
ஜூன் 7, பிற்பகல் 2:18

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். மைவிழி அக்கா, உங்களுடைய கதையை வாசிக்க எனக்கும் ஆவலாக இருக்கு.

உடுப்பைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. நான் ஒரு வருடம் இந்தத் தளங்களில் போஸ் பார்த்துக் கீறிப் பழகினேன். ஜீன்ஸும் டீசேர்ட்டும் நல்லாக வந்தது. பிறகு அம்மம்மாவைச் சேலையோடு கீறப் போனால் ஒன்றும் வரவில்லை. சாரம் கட்டின மாமா கதிரையில் காலை மடித்துக்கொண்டு இருக்கிறதை எந்தத் தளத்திலும் காணவில்லை. அதற்குப் பிறகுதான் வீட்டு ஆட்களை போனில் படம் எடுத்து எனக்கென்று ஒரு தொகுப்பு செய்யத் தொடங்கினேன். ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன்.

சேலையை மடிப்பு மடிப்பாகக் கீறக்கூடாது, துணி எங்கே தொங்குது, எங்கே இழுபடுது என்று பார்க்க வேணும் என்பதை மெதுவாகத்தான் கண்டுபிடித்தேன். தோள் ஒரு பிடி, இடுப்பில் கொசுவம் சொருகின இடம் இன்னொரு பிடி. மடிப்புக் கோடுகள் எல்லாம் இந்த இரண்டு இடத்தில் இருந்துதான் விசிறி மாதிரி விரியும். நடந்தால் முன்னால் போகிற முழங்கால் மூன்றாவது பிடி. இந்த மூன்றையும் முதலில் புள்ளியாக வைத்துவிட்டால் மிச்சம் தானாக வரும்.

இன்னொரு கவலையும் உண்டு. இப்போது ரெஃபரன்ஸ் (பார்த்துக் கீறுகிற படம்) தேடினால் செயற்கை நுண்ணறிவு செய்த படங்கள்தான் முன்னுக்கு வருகுது. போன மாதம் சேலை கட்டின பெண் குடம் தூக்குகிற படம் ஒன்றைப் பார்த்து மூன்று மணித்தியாலம் கீறினேன். முடித்த பிறகுதான் முந்தானை தோளில் ஏறாமல் முதுகுக்குள் மறைந்து போகிறதைக் கண்டேன். இடுப்புக்கும் காலுக்கும் தொடர்பே இல்லை. படிக்கிற ஆளுக்குப் பிழையான படம் பிழையான கையைத் தரும்.

கரித்துண்டு
ஜூன் 7, இரவு 8:02

யாழ்_கோடு சொன்னது மிகச் சரி. அந்தப் பயம் இல்லாமல் பார்க்க ஒரு பழைய சுரங்கம் இருக்கிறது. எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் 1887இல் வெளியிட்ட அசைவுப் படத்தொகுதி, மொத்தம் 781 தட்டுகள் (அச்சிட்ட படப் பக்கங்கள்). நடப்பது, படியேறுவது, குனிந்து எடுப்பது, தண்ணீர்ச் சாடியைத் தூக்குவது என்று ஒரே செயலைத் துண்டு துண்டாகப் பிடித்திருக்கிறார். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. அவற்றில் பெரும்பாலானவர்கள் ஆடையின்றி இருப்பார்கள், அதனால் மைவிழி, துணி போர்த்திய தட்டுகளை மட்டும் வேறொரு நாள் நானே பிரித்து வைத்துத் தருகிறேன்.

நள்ளிரவுப்பென்சில்
ஜூன் 8, அதிகாலை 12:33

சட்டகத்தின் பதிலைப் படித்துவிட்டு மூன்று நாள் யோசித்தேன். நான் முதலில் பெட்டி போட்டது எனக்குப் பொருந்தியது, ஏனென்றால் என்னிடம் கோடே நேராக வராது. மைவிழிக்கு வேறு தேவை. ஜெஸ்ச்சர் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்ராஅபாக்ஸில் ஒரு விதி உண்டு, அதை எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்: வரையும் நேரத்தில் பாதி பயிற்சிக்கு, பாதி நம் ஆசைக்கு. நான் அதை மதிக்காமல் எட்டு மாதம் பயிற்சி மட்டும் செய்தேன். கடைசியில் பென்சிலைத் தொடவே பிடிக்காமல் போய், நான்கு மாதம் விட்டுவிட்டேன். மைவிழி, ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் பாட்டியின் கதைக்கே கொடுங்கள். மோசமாக வந்தாலும் கொடுங்கள்.

அந்த இடது பக்க முகத்துக்கு: லூமிஸின் தலை முறையை ப்ரோகோவே ஓர் இலவச வீடியோவில் எந்தக் கோணத்துக்கும் காட்டியிருக்கிறார். ஒரு பந்து, அதன் இரு பக்கமும் கத்தியால் சீவியது போல் ஒரு வட்டம். புருவக் கோட்டைப் பந்தைச் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். முடி தொடங்கும் இடத்திலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கின் அடி, அங்கிருந்து தாடை, மூன்றும் ஏறக்குறைய ஒரே நீளம். ஒரு பக்கத்தில் முப்பது பந்துகளைத் திசைக்கொன்றாகத் திருப்பி, கண் மூக்கு வைக்காமல் பயிற்சி செய்தேன். வலது பக்கம் திரும்பிய தலை அப்போதுதான் கைக்கு வந்தது. ஸ்கெட்ச்ஃபேப் தளத்தில் மண்டையோட்டு முப்பரிமாண மாதிரிகள் இருக்கின்றன, போனில் விரலால் சுழற்றிக் கீழிருந்து மேலே பார்க்கலாம்.

ஆங்கிலத்துக்கு நான் செய்வது: வேகத்தை 0.75க்குக் குறைத்து, ஆங்கில வசனவரிகளைப் போட்டுக்கொள்வேன். தானியங்கித் தமிழ் மொழிபெயர்ப்பும் வருகிறது, ஆனால் உடற்கூற்றுச் சொற்களைக் குழப்பிவிடும். முதல் தடவை சத்தமில்லாமல் கையை மட்டும் பாருங்கள். இரண்டாவது தடவை வசனத்தோடு. மூன்றாவது தடவை பார்க்காதீர்கள், வரைந்துவிடுங்கள்.

புதுக்கோடு
ஜூன் 9, காலை 11:15

இடையில் புகுந்து கேட்கிறேன். போட்டோவின் மேல் டிரேஸ் எடுத்துப் பழகலாமா? எங்கள் டியூஷனில் அது தப்பு என்று கையிலேயே அடிப்பார்கள்.

சட்டகம்_24
ஜூன் 9, மதியம் 1:50

அடித்தது தப்பு. டிரேஸ் எடுப்பது தப்பில்லை, எதை டிரேஸ் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். அவுட்லைனை ஓட்டினால் கை மட்டும் பழகும். போனில் ஐபிஸ் பெயின்ட் என்ற வரையும் செயலியைத் திறந்து, போட்டோவை மங்கலாக்கி, மேலே புதிய லேயரில் (கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு) நடுக்கோடு, மார்புப் பெட்டி, இடுப்புப் பெட்டி, முழங்கால் முழங்கை உருளைகளை மட்டும் போடுங்கள். பிறகு போட்டோவை மறைத்துவிட்டு, அந்த எலும்புச் சட்டத்திலிருந்து ஆளை வரையுங்கள். மறுநாள் அதே போஸை நினைவிலிருந்து ஒரு முறை. கணினி வைத்திருப்பவர்களுக்கு கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் இருக்கிறது, இலவசம், நல்ல தூரிகைகள் உண்டு. ஓட்டி வரைந்ததை உங்கள் படைப்பு என்று போடாமல் இருந்தால் போதும். பிறர் போட்டோ என்றால் அதன் உரிமத்தையும் பாருங்கள்.

மைவிழி_போடி
ஜூலை 27, இரவு 9:30

மறுபடி வந்துவிட்டேன். எல்லோரும் சொன்னதை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன், அதில் ஆறு வரிதான். தினமும் லைன் ஆஃப் ஆக்‌ஷனில் இருபது நிமிடம், அப்புறம் வாரம் ஒரு ப்ரோகோ வீடியோ. மீதி நேரம் கதைக்கு. சேமித்த வீடியோக்களை அழித்துவிட்டேன். முதலில் மனசு கேட்கவில்லை, நான்காம் நாள் நிம்மதியாக இருந்தது.

முதல் பத்து நாள் கோடுகள் எல்லாம் குப்பை. பதினேழாம் நாள் ஒரு பெண் ஷூ மாட்டக் குனிகிற போஸ் வந்தது. நாற்காலியில் நானே குனிந்து பார்த்தேன். அப்போதுதான் வயிறு மடிந்து மார்பு தொடையில் இடிப்பது தெரிந்தது. அப்படியே போட்டேன், ஆள் குனிந்துவிட்டாள். தாளைத் தூக்கிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன்.

கரித்துண்டு ஐயா அனுப்பிய படங்களில் சாடி தூக்கும் வரிசையைப் பன்னிரண்டு தடவை வரைந்தேன். பாட்டியிடம் காட்டியபோது, "சும்மாடு எங்கடி? அது இல்லாம மூட்டை நிக்காது" என்றார். எழுந்து, துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, ஒரு தலையணையை ஏற்றிக்கொண்டு கூடத்தில் நடந்து காட்டினார். எழுபத்தெட்டு வயது. ஐயா சொன்ன மாதிரியே கழுத்து அசையவில்லை, இடுப்பு மட்டும் அசைந்தது. யாழ்_கோடு சொன்ன மூன்று பிடியும் தெரிந்தது. கூடவே நான்காவது ஒன்றும் இருந்தது: மலையேறும்போது சேலையைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொள்வாராம், அங்கிருந்து ஒரு விசிறி. அதை அண்ணன் போனில் வீடியோ எடுத்தான். என் கதைக்கு இனி அதுதான் முதல் ரெஃபரன்ஸ்.

மூன்று பக்கம் முடித்திருக்கிறேன், இணைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் வலது பக்கம் பார்க்கிற முகம் இருக்கிறது.

கைதான் இன்னும் வரவில்லை. விரல் வாழைச்சீப்பு மாதிரி ஆகிறது. எங்கே தொடங்கட்டும்?

யாழ்_கோடு
ஜூலை 27, இரவு 10:11

இரண்டாம் பக்கத்தில் அந்தச் சும்மாட்டின் பாரம் தெரியுது அக்கா. அந்த வீடியோவை எங்கேயும் ஏற்றாமல் பத்திரமாக வைத்திருங்கோ.

சட்டகம்_24
ஜூலை 28, காலை 7:05

முதல் பக்கத்தில் மேஸ்திரி கொஞ்சம் விறைப்பாக இருக்கிறார், ஆனால் அவருக்கு அது பொருந்துகிறது, அப்படியே விடுங்கள். பாட்டியை முன்புறம், முக்கால், பக்கவாட்டு, பின்புறம் என நான்கு கோணத்தில் ஒரே தாளில், தலை முதல் பாதம் வரை கிடைக்கோடு இழுத்து வரைந்துகொள்ளுங்கள். நாங்கள் அதை மாடல் ஷீட் என்போம். பத்தாம் பக்கத்தில் ஆள் மாறிவிடாமல் அது காப்பாற்றும்.

கரித்துண்டு
ஜூலை 28, மாலை 6:25

கைக்கு: உள்ளங்கையை ஐந்து பக்கமுள்ள ஒரு தட்டையான பெட்டியாக வையுங்கள். விரல்களைத் தனித்தனியாக வரையாமல் நான்கையும் சேர்த்து ஒரு கையுறை போல முதலில் மூடுங்கள், கட்டை விரல் மட்டும் தனி ஆப்பு. விரல் முட்டிகள் நேர்கோட்டில் வராது, வில் போல வளைந்து வரும். அந்த வில்லை முதலில் போட்டுவிட்டால் வாழைச்சீப்பு போய்விடும். ஜார்ஜ் பிரிட்ஜ்மன் என்ற ஆசிரியர் 1920இல் வெளியிட்ட உடற்கூற்று நூல் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாக இருக்கிறது, அதில் கைப் பகுதியை மட்டும் பாருங்கள். எழுத்தைப் படிக்க வேண்டியதில்லை, படங்கள் போதும்.

பாட்டி பூக் கட்டுவாரா?

மைவிழி_போடி
ஜூலை 28, இரவு 9:02

கட்டுவார் ஐயா. தினமும் மாலை ஆறு மணிக்கு வாசலில் உட்கார்ந்து மல்லிகை கட்டுவார். நாளை கடையிலிருந்து ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்டிருக்கிறேன். எதிரே உட்கார்ந்து வரைந்துவிட்டு இங்கே போடுகிறேன்.